கிரிஸ்டல் வயலட் எண்ணை நம்பலாமா? ஆய்வகத்தில் பயோஃபிலிம் உருவாவதைப் பார்ப்பது பற்றி

கேள்வியின் சுருக்கம் இது. பயோஃபிலிம் என்பது பாக்டீரியாக்கள் ஒரு மேற்பரப்பில் ஒட்டி, தாமே சுரந்த பொருளுக்குள் கூட்டமாக வாழும் படலம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி புராஜெக்டுக்காக சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை 96 குழித் தட்டில் 24 மணி நேரம் வளர்த்து, கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் போட்டு, நிற அடர்த்தியை எலைசா ரீடரில் அளந்திருக்கிறீர்கள். ஒரே ஸ்ட்ரெயின் (பாக்டீரியாவின் உள்வகை) ஒரு நாள் 1.8 காட்டுகிறது, மறுநாள் 0.6 காட்டுகிறது. "நான் பார்ப்பது உண்மையிலேயே பயோஃபிலிம் உருவாவதைத்தானா? எங்கள் கல்லூரியில் படலத்தை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் கிடையாது. வேறு வழி உண்டா?" என்று கேட்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளப்பது, 24 மணி நேரம் முடிந்து தட்டைக் கழுவிய பிறகும் குழியில் மிச்சம் இருக்கும் பொருளை. அது எப்போது ஒட்டியது, எப்படிப் பெருகியது, இடையில் எவ்வளவு கழன்று போனது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் கிடையாது. 1.8க்கும் 0.6க்கும் உள்ள இடைவெளியில் பாக்டீரியாவின் பங்கைவிடக் கழுவிய கையின் பங்கு அதிகமாக இருக்கத்தான் வாய்ப்பு. கன்ஃபோகல் இல்லாமலேயே உருவாவதைப் பார்க்கலாம். கவர்ஸ்லிப், 100 மடங்கு ஆயில் லென்ஸ், ஒரு முழுநாள் ஆய்வகத்தில் உட்காரும் பொறுமை, இவை போதும். ஆனால் அதற்கு முன் உங்கள் தட்டைச் சரி செய்துகொள்வோம், ஏனென்றால் எப்படியும் அது உங்களுக்குத் தேவைப்படும்.

கிரிஸ்டல் வயலட் ஒரு காரச் சாயம். எதிர்மின்னூட்டம் உள்ள எதிலும் ஒட்டிக்கொள்ளும்: உயிருள்ள செல், செத்த செல், செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ., மேட்ரிக்ஸில் (செல்கள் சுரந்து தம்மைச் சுற்றிப் பூசிக்கொள்ளும் பொருளில்) இருக்கும் பாலிசாக்கரைடு, எல்லாவற்றிலும். அதனால் ஊதா நிறம் அதிகம் என்றால் உயிருள்ள பாக்டீரியா அதிகம் என்று அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு கிரிஸ்டல் வயலட் அளவு குறையவில்லை என்று எழுதும் புராஜெக்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். செல்கள் அத்தனையும் செத்திருந்தாலும் உடல்கள் அங்கேயேதானே ஒட்டிக்கொண்டிருக்கும்? கொன்றதா என்று தெரிய வேண்டுமானால் காலனி எண்ண வேண்டும், அல்லது ரெசாசுரின் போல வளர்சிதை மாற்றத்தைக் காட்டும் சாயம் போட வேண்டும்.

இன்னொரு பெரிய சிக்கல், ஒட்டியவை எவை, சும்மா அடியில் படிந்தவை எவை என்பது. அசையாமல் வைத்த தட்டில் செல்கள் தாமாகவே கீழே இறங்கும். ரசத்தை இறுத்த பிறகும் பாத்திரத்தின் அடியில் மண்டி தங்குவது போல, மென்மையாகக் கழுவினால் இவையும் தங்கிவிடும். வேகமாகக் கழுவினால் நிஜமான படலமும் கிழிந்து போகும். உங்கள் இரண்டு நாள் எண்களும் இந்த இரண்டு முனைகளில் எங்கோ நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏனோ பலரும் செய்வதில்லை. வழக்கமான குழிகளோடு சேர்த்துச் சில குழிகளைக் காலியாக விட்டுவிடுங்கள். 24 மணி நேரம் முடிந்ததும், வேறொரு தட்டில் அதே நேரம் வளர்ந்த கல்ச்சரின் மிதக்கும் பகுதியை எடுத்து அந்தக் காலிக் குழிகளில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மற்ற குழிகளோடு சேர்த்தே கழுவிச் சாயம் போடுங்கள். பத்து நிமிடத்தில் பயோஃபிலிம் வராது. அந்தக் குழிகளிலும் கணிசமான ஊதா இருந்தால், உங்கள் கழுவல் போதவில்லை. கிட்டத்தட்ட மீடியம் மட்டும் ஊற்றிய குழி அளவுக்கே வந்தால், மற்ற எண்களை நம்பத் தொடங்கலாம். மலட்டு மீடியம் ஊற்றிய குழியை மட்டும் கன்ட்ரோலாக வைப்பது சாயம் பிளாஸ்டிக்கில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத்தான் சொல்லும், கழுவலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கழுவுவது எப்படி? பைபெட்டால் பீய்ச்ச வேண்டாம், குழாயடியில் பிடிக்கவே வேண்டாம். தட்டைக் கவிழ்த்து உதறித் திரவத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டப்பில் தட்டை முழுசாக முக்கி, குழிகள் நிரம்பியதும் எடுத்து மறுபடியும் உதறுங்கள். இதை இரண்டு தடவை. எல்லாக் குழிகளுக்கும் ஒரே விசை கிடைக்கும் என்பதுதான் இதன் லாபம். பிறகு 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் 125 மைக்ரோலிட்டர், 10 முதல் 15 நிமிடம். மறுபடியும் மூன்று நான்கு முறை டப்பில் முக்கி, டிஷ்யூ தாள் அடுக்கின் மேல் கவிழ்த்துத் தட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். 30 சதவீத அசெட்டிக் அமிலம் 125 மைக்ரோலிட்டர் ஊற்றிக் கரைத்து, அந்தக் கரைசலைப் புதிய தட்டையடித் தட்டுக்கு மாற்றி 550 நானோமீட்டரில் படிக்கலாம். மாற்றாமல் அதே தட்டில் படிப்பவர்கள் உண்டு. அப்போது சுவரில் கரையாமல் ஒட்டியிருப்பது கதிர் போகும் பாதையில் வராது, அடியில் படிந்தது மட்டும் மிகையாகத் தெரியும். சூடோமோனாஸில் பயோஃபிலிமின் கனமான பகுதி காற்றும் திரவமும் சந்திக்கும் கோட்டில் வளையமாக உருவாவதால் இந்தத் தவறு உங்களுக்குக் கூடுதலாக அடிக்கும். கரைப்பதற்கு முன் தட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: சுவரில் வளையம் தெரிகிறதா, அடியில் மட்டும் திட்டாக இருக்கிறதா? எண்ணைவிட அந்த வளையம் அதிகம் சொல்லும்.

அப்புறம் சில சின்னச் சின்ன விஷயங்கள். ஓரக் குழிகளில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அவற்றில் வெறும் தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டு உள்குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். முந்தைய இரவு கல்ச்சரை "கொஞ்சம்" ஊற்றாமல் ஓ.டி. (கலங்கலின் அளவு) பார்த்துச் சமப்படுத்தி, புதிய மீடியத்தில் 100க்கு 1 என்று நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் என்று ஊற்றுங்கள். ரீடர் 3க்கு மேல் காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், நீர்த்துப் படியுங்கள். தட்டின் பிளாஸ்டிக்கும் முக்கியம்: செல் கல்ச்சருக்கென்று மேற்பரப்பைப் பதப்படுத்திய பாலிஸ்டைரீன், பதப்படுத்தாத பாலிஸ்டைரீன், மெல்லிய பி.வி.சி. மூன்றும் மூன்று விதமாகப் பிடிக்கும். பாதி புராஜெக்டில் தட்டு பிராண்டை மாற்றினால் முதலிலிருந்து தொடங்குவது போலத்தான்.

புள்ளியியலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே கல்ச்சரிலிருந்து எட்டுக் குழி ஊற்றினால் அது எட்டுப் பரிசோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு காலனியிலிருந்து தொடங்கியவைதான் தனித்தனிப் பரிசோதனைகள். எட்டுக் குழியின் சராசரியை ஒரு எண்ணாக எடுத்து, அப்படிக் குறைந்தது மூன்று நாள் எண்களை ஒப்பிடுங்கள். நெகட்டிவ் கன்ட்ரோலின் சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி வரும் எண்ணை எல்லையாக வைத்து, அதற்குக் கீழ் "உருவாக்காது", இரண்டு மடங்கு வரை "பலவீனம்", நான்கு மடங்கு வரை "நடுத்தரம்", அதற்கும் மேல் "வலுவானது" என்று பிரிக்கும் முறை செர்பியாவின் ஸ்டெபனோவிச் குழுவிடமிருந்து வந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் வேலைகளில் அதிகம் புழங்குகிறது. அதை எல்லா இடத்திலும் ஒட்டவைக்கிறார்கள். ஒரே தட்டுக்குள், ஒரே மீடியத்தில் ஒப்பிட அது சரி. உங்கள் "வலுவானது" இன்னொரு கல்லூரியின் "வலுவானது"க்குச் சமம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இந்தத் தட்டு முறை எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது விளங்கும். 1980களில் கிறிஸ்டென்சன் குழு மருத்துவக் கருவிகளில் ஒட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஸ்ட்ரெயின்களைப் பிரித்தறிய முதலில் சோதனைக் குழாயிலும் பிறகு தட்டிலும் சாயம் போட்டார்கள். 1998இல் ஜார்ஜ் ஓ'டூல், ராபர்ட்டோ கோல்ட்டர் இருவரும் அதையே ஆயிரக்கணக்கான மியூட்டன்டுகளை (மரபணு பழுதான வகைகளை) சலிக்கும் சல்லடையாக மாற்றினார்கள். மேற்பரப்பில் ஒட்டத் தெரியாத மியூட்டன்டுகளுக்கு "சாட்" (sad, surface attachment defective என்பதன் சுருக்கம்) என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தில் சோகம். ஆய்வகத்தில் உட்கார்ந்து குழி குழியாகப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். ஒட்டுகிறதா இல்லையா என்ற முரட்டுக் கேள்விக்கு இந்தச் சல்லடை அருமையான பதில் தரும். 20 சதவீதம் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் திணறும்.

கவனியுங்கள், அந்த ஆய்விலேயே அவர்கள் சல்லடையோடு நிற்கவில்லை. தேறிய மியூட்டன்டுகளை மைக்ராஸ்கோப்பில் நேரத்தோடு பார்த்தார்கள். ஃபிளஜெல்லா (நீந்த உதவும் வால் இழை) இல்லாத சூடோமோனாஸ் ஏருஜினோசா மேற்பரப்பில் கிட்டத்தட்ட ஒட்டவே இல்லை. நான்காம் வகைப் பிலி (மேற்பரப்பைப் பற்றி இழுத்து நகர உதவும் நுண்ணிழை) இல்லாதது ஒட்டியது, ஒற்றை அடுக்காகப் பரவவும் செய்தது, ஆனால் கூட்டம் கூடவில்லை. இயல்பான ஸ்ட்ரெயினோ சில மணி நேரத்துக்குள் செல்கள் மேற்பரப்பில் இழுத்து இழுத்து நகர்ந்து சின்னச் சின்னக் குவியல்களாகச் சேர்ந்தது. இந்த இரண்டு குறைகளும் வெவ்வேறு கட்டத்தில் நடப்பவை. தட்டில் இரண்டுமே "குறைவான ஊதா" என்றுதான் தெரியும். உருவாவதைப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, உங்கள் கையில் இருப்பதை வைத்து இதை எப்படிச் செய்வது?

கவர்ஸ்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் துடைத்து, உலர்த்தி, ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஆறு குழித் தட்டிலோ சின்ன பீக்கரிலோ 100க்கு 1 நீர்த்த கல்ச்சரை ஊற்றி, கவர்ஸ்லிப்பைச் சாய்வாக நிறுத்துங்கள், பாதி திரவத்தில், பாதி வெளியில். படுக்க வைத்தால் மேலிருந்து படிந்ததெல்லாம் உட்கார்ந்துவிடும். சாய்த்து நிறுத்தினால் படிவது குறையும், காற்று-திரவக் கோடும் கிடைக்கும். சாய்வின் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், அங்கே புவியீர்ப்பால் விழுந்தது எதுவும் இருக்காது. ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் கவர்ஸ்லிப் வையுங்கள்: அரை மணி, 2, 4, 6, 8, 12, 24, 48 மணி. ஒரே கவர்ஸ்லிப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது வேண்டாம். வெளியே எடுக்கும்போது திரவக் கோடு படலத்தின் மேல் ஊர்ந்து போகிற இழுவையிலேயே நிறையப் பிய்ந்துவிடும்.

எடுத்த கவர்ஸ்லிப்பை சலைனில் மெதுவாக இரண்டு முறை முக்கி, மேல்பக்கத்தை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். இதை மறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பும். பிறகு இரண்டு வழி. உங்கள் மைக்ராஸ்கோப்பில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால், சாயமே போடாமல், ஒரு சொட்டு சலைன் வைத்த ஸ்லைடின் மேல் ஈரமாகவே கவிழ்த்து உயிரோடு பாருங்கள். இல்லையென்றால் காயவைத்து, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் போட்டுச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முதல் வழியில்தான் அசைவு தெரியும்.

அரை மணி நேர ஸ்லிப்பில் அங்கங்கே தனிச் செல்கள் இருக்கும். சில, ஒரு முனையால் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழன்று கொண்டிருக்கும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று நீந்திப் போகும். இதைத்தான் பாடத்தில் மீளத்தக்க ஒட்டுதல் என்று படித்திருப்பீர்கள். மற்றவை முழு உடலும் படியப் படுத்திருக்கும். 2 முதல் 4 மணிக்குள் படுத்தவற்றின் விகிதம் ஏறும். 6, 8 மணியில் குவியல்கள் தெரிய வேண்டும். 24 மணியில் கோட்டருகே ஃபோகஸை மேலும் கீழும் திருகினால் அடுக்குகள் வந்து வந்து போகும்; அந்தத் திருகலில் எத்தனை மைக்ரோமீட்டர் என்று குறித்தால் தடிமனுக்கு ஒரு சுமாரான மதிப்பீடும் கிடைத்துவிடும். 48 மணியில் சில இடங்கள் வெறிச்சென்று இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். அசையாத கல்ச்சரில் உணவு தீர்ந்த பிறகு படலம் கலைவது சகஜம். உங்கள் 24 மணி எண் சில நாட்களில் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்: உச்சம் அதற்கு முன்பே வந்து போயிருக்கும். அதனால் தட்டிலும் ஒவ்வொரு நேரத்துக்கும் தனித் தட்டு வைத்து ஒரு வளைகோடு வரைந்து பாருங்கள்.

ஒவ்வொரு ஸ்லிப்பிலும் அழகான இடத்தைத் தேடிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளுங்கள்: கோட்டிலிருந்து இவ்வளவு மில்லிமீட்டர் கீழே, இடமிருந்து வலமாகப் பத்துப் புலம், எது வந்தாலும் படம். பிறகு இமேஜ்ஜே மென்பொருளில் மூடிய பரப்பின் சதவீதத்தைக் கணக்கிடலாம். அது இலவசம்.

கண்ணாடியைத் தண்ணீரில் விட்டு எடுத்துப் பார்ப்பது பழைய வித்தைதான். மின்னசோட்டாவின் ஆர்தர் ஹென்ரிசி 1933இல், நீரில் அமிழ்த்திய ஸ்லைடுகளில் பாக்டீரியா ஒட்டி வளர்வதைப் பார்த்துவிட்டு, நன்னீர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மிதப்பவையே அல்ல, ஒட்டி வாழ்பவை என்று எழுதினார். கலிஃபோர்னியாவின் கிளாட் ஸோபெல் 1943இல் கடல் பாக்டீரியாவைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்து, சத்துக் குறைந்த நீரில் மேற்பரப்பு இருந்தாலே அவற்றின் செயல்பாடு கூடுகிறது என்று காட்டினார். இன்னும் பின்னால் போனால், தானே செய்த லென்ஸில் முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக். தன் பல்லில் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்த அவர், வினிகர் கொப்பளித்தால் படிவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் உயிர்கள்தான் சாகின்றன, உள்ளே இருப்பவை பிழைக்கின்றன என்று 1680களிலேயே எழுதி வைத்திருக்கிறார். பயோஃபிலிமில் மருந்து ஏன் எடுபடுவதில்லை என்று இன்று எழுதப்படும் முன்னுரைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கண்ணாடிக்குப் பதில் உலோகத் துண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது தொழில்துறையில் இன்றும் வழக்கம். கல்பாக்கத்தில் அணு உலைக்கான குளிர்விப்புக் கடல்நீரில் என்ன ஒட்டுகிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒட்டியிருப்பதைக் காட்டிவிட்டீர்கள். அது பயோஃபிலிம்தானா என்று தேர்வில் கேட்டால்? இங்கேதான் மேட்ரிக்ஸ் வருகிறது. செல்கள் தாமே சுரந்த பொருளுக்குள் பிடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2002இல் விட்சர்ச் குழு சூடோமோனாஸ் ஏருஜினோசா படலத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் I என்ற நொதியை ஊற்றிப் பார்த்தது. இளம் படலம் கலைந்தது, முதிர்ந்தது அவ்வளவாகக் கலையவில்லை. செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. வெறும் குப்பை இல்லை, ஆரம்ப நாட்களில் படலத்தைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் தட்டிலேயே இதைச் செய்யலாம். 6 மணி, 24 மணி, 48 மணிப் படலங்களில் டி.என்.ஏஸ் I, புரதத்தை வெட்டும் புரோட்டினேஸ் கே, பாலிசாக்கரைடைச் சிதைக்கும் சோடியம் மெட்டாபீரியோடேட் மூன்றையும் தனித்தனியாக, பஃபர் மட்டும் ஊற்றிய கன்ட்ரோலோடு, ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி கிரிஸ்டல் வயலட் போடுங்கள். எது கரைக்கிறதோ அதை வைத்து மேட்ரிக்ஸின் முக்கியப் பொருள் எந்த நேரத்தில் எது என்று பேச முடியும். எனக்குக் கேட்டால், பத்து ஸ்ட்ரெயின்களின் 24 மணி எண்ணைப் பட்டியல் போடுவதைவிட, ஒரே ஸ்ட்ரெயினில் இதைச் செய்வது பத்து மடங்கு நல்ல எம்.எஸ்சி. புராஜெக்ட்.

ஸ்ட்ரெயினும் மீடியமும் முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு என் மனதில் முதலில் நிற்பது பேசிலஸ் சப்டிலிஸ். உலகம் முழுக்க ஆய்வகங்களில் புழங்கும் 168 ஸ்ட்ரெயின் சுமாரான, தட்டையான காலனிதான் தரும். அதன் மூதாதையான என்.சி.ஐ.பி. 3610ஐ எம்.எஸ்.ஜி.ஜி. என்ற மீடியத்தில் 30 டிகிரியில் ஆடாமல் அசையாமல் இரண்டு மூன்று நாள் வையுங்கள், திரவத்தின் மேல் கெட்டியான ஏடு படர்ந்து சுருக்கம் சுருக்கமாக மடியும். அகாரில் வைத்தால் காலனியே மலைத்தொடர் போல் எழும். 2001இல் ஹார்வர்டின் கோல்ட்டர், லோசிக் குழுக்கள் இதை வெளியிட்டன. 168க்கு என்ன ஆயிற்று? பல பத்தாண்டுகளாக ஆய்வகத்தில் சொகுசாக வளர்த்து, மாற்றம் தூண்டும் கதிர்களுக்கும் உட்படுத்தியதில், பயோஃபிலிமுக்குத் தேவையான சில மரபணுக்கள் பழுதாகிவிட்டன, ஒரு பிளாஸ்மிடும் தொலைந்துவிட்டது. எஸ்செரிக்கியா கோலை கே-12 வகைகளிலும் இதே தொல்லை. அதோடு, ஒட்டிக்கொள்ள அது சுரக்கும் கர்லி என்ற புரத இழைகள் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே, உப்புக் குறைந்த மீடியத்தில்தான் நன்றாக வரும். 37 டிகிரியில் சாதாரண எல்.பி. குழம்பில் வளர்த்துவிட்டு "இ. கோலை பயோஃபிலிம் உருவாக்கவில்லை" என்று எழுதுவது அந்த பாக்டீரியாவின் மேல் பழி போடுவது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு டிரிப்டிக் சோயா குழம்பில் கூடுதல் குளுகோஸ் தேவைப்படும். உங்கள் சூடோமோனாஸுக்கு எல்.பி.யைவிட, மெக்னீசியம் சல்ஃபேட்டும் அர்ஜினைனும் சேர்த்த எம்63 போன்ற குறைச்சத்து மீடியம் சீரான முடிவு தரும்.

3610 ஏடு மாதிரியான ஒன்று முதலாண்டு மாணவர்களுக்குக் காட்ட அருமை. ஒரு கைபேசியை ஸ்டாண்டில் மாட்டிப் படம் எடுத்தாலே உருவாவது முழுக்கத் தெரியும். நோய் பரப்பாது என்பது இன்னொரு வசதி.

காங்கோ ரெட் என்ற சாயம் கலந்த அகார் பற்றியும் கேட்பீர்கள், எல்லாக் கல்லூரியிலும் அதுதானே நடக்கிறது. 1989இல் ஃப்ரீமன் குழு சொன்னது: லிட்டருக்கு பிரெயின் ஹார்ட் இன்ஃபியூஷன் 37 கிராம், சுக்ரோஸ் 50 கிராம், அகார் 10 கிராம், காங்கோ ரெட் 0.8 கிராம்; சாயத்தைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, அகார் 55 டிகிரிக்கு ஆறியதும் கலக்க வேண்டும். கறுப்புக் காலனி என்றால் ஸ்லைம் (சளிபோன்ற சுரப்பு) உண்டு, சிவப்பு என்றால் இல்லை. இது கோகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸுக்காக எழுதப்பட்டது. சூடோமோனாஸிலும் கிளெப்சியெல்லாவிலும் அதே கறுப்பு-சிவப்பு விதியைப் பயன்படுத்தி அட்டவணை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸிலேயே தட்டு முடிவோடு அது அடிக்கடி ஒத்துப் போவதில்லை. சால்மொனெல்லா, இ. கோலையில் காங்கோ ரெட் பயனுள்ளதுதான், ஆனால் அங்கே படிக்க வேண்டியது வேறு: உப்பில்லாத அகாரில், 28 டிகிரியில், சிவந்து உலர்ந்து சொரசொரப்பாக எழும் காலனி கர்லியும் செல்லுலோஸும் சேர்ந்து வருவதைக் காட்டும்.

பெரிய கருவிகள் பற்றிக் கொஞ்சம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக் கூடத்தில் கன்ஃபோகல் கிடைத்தால், இரண்டு நேரங்களுக்கு மட்டும் புக் செய்யுங்கள்: உங்கள் கவர்ஸ்லிப் வேலையில் குவியல்கள் முதலில் தெரிந்த நேரம், உச்சம் வந்த நேரம். சிடோ 9, புரோப்பிடியம் அயோடைடு என்ற ஒளிரும் சாய ஜோடியைப் போட்டால் பச்சை உயிர், சிவப்பு சாவு என்று எழுதுவது வழக்கம். செல்லுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ.விலும் புரோப்பிடியம் ஒட்டும், அதனால் பயோஃபிலிமில் சாவு மிகையாகத் தெரியும். காலனி எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எஸ்.ஈ.எம். (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படங்கள் தீசிஸ் அட்டைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதற்காக மாதிரியை உலர்த்தும்போது, பெரும்பங்கு தண்ணீரான மேட்ரிக்ஸ் சுருங்கி நூல் நூலாகிவிடும். அந்த நூல்களை "மேட்ரிக்ஸ் இழைகள்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

பாடநூலின் ஐந்து கட்டப் படம் உங்கள் தலையில் இருக்கும்: ஒட்டுதல், உறுதியாதல், முதிர்தல், காளான் வடிவம், சிதறல். அது பெரும்பாலும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவை, மீடியம் ஓடிக்கொண்டே இருக்கும் சின்ன அறையில் (ஃப்ளோ செல்) வளர்த்த ஆய்வுகளிலிருந்து வந்தது. காளான்கூட எப்போதும் வராது. 2003இல் கிளாவ்சன் குழு காட்டியபடி, அதன் பி.ஏ.ஓ.1 ஸ்ட்ரெயினுக்கு குளுகோஸ் கொடுத்தால் காளான், சிட்ரேட் கொடுத்தால் தட்டைப் படலம். நாட்பட்ட நுரையீரல் தொற்றுகளில் எதிலும் ஒட்டாத சின்னக் கட்டிகளாகவே அவை இருக்கின்றன. அதனால் இந்தத் துறையின் மூத்தவர்கள் சிலர் சேர்ந்து 2022இல் அந்தப் படத்தைத் தளர்த்தி, திரள்தல் அல்லது ஒட்டுதல், வளர்ந்து சேர்தல், பிரிந்து விலகுதல் என்று மூன்றாகச் சுருக்கினார்கள். உங்கள் படங்களை ஐந்து பெட்டிக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காளான் வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், 96 குழியில் அது வராது.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, காயத்துக்கு, கான்டாக்ட் லென்ஸ் போடும் கண்ணுக்கு ஆபத்து. தட்டை உதறும்போது துளி தெறிக்கும். பயோசேஃப்டி கேபினெட்டுக்குள், கையுறையோடும் பாதுகாப்புக் கண்ணாடியோடும் உதறுங்கள். டப்புத் தண்ணீரில் ஹைப்போகுளோரைட் கலந்து அரை மணி நேரமாவது விட்டுப் பிறகு கொட்டுங்கள். கேபினெட் இல்லாத ஆய்வகம் என்றால் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸுக்கு மாறிவிடுங்கள், 28 டிகிரியில் நன்றாகவே ஒட்டும். கிரிஸ்டல் வயலட்டும் காங்கோ ரெட்டும் உடம்பில் படக்கூடாத சாயங்கள்தான், கையுறை அதற்கும் சேர்த்து.

இப்போது கையில் இருக்கும் 1.8, 0.6 எண்களைத் தூக்கிப் போட வேண்டாம். நோட்டில் அந்த இரண்டு நாட்களிலும் யார் கழுவினார்கள், எத்தனை முறை, தட்டு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, தொடக்க ஓ.டி. என்ன என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். பத்து நிமிடக் கன்ட்ரோலோடு ஒரு தட்டு ஓட்டிப் பாருங்கள். இடைவெளி அங்கேயே பெரும்பாலும் விளங்கிவிடும், விளங்காவிட்டால் அந்தத் தட்டை அமிலம் ஊற்றுவதற்கு முன் பக்கவாட்டில் எடுத்த படத்தோடு மறுபடியும் கேளுங்கள். தீசிஸில் அந்த வரைபடத்தின் தலைப்பை "பயோஃபிலிம் உருவாக்கம்" என்று போடாமல் "24 மணி நேரத்தில் ஒட்டியிருந்த உயிர்ப்பொருள், கிரிஸ்டல் வயலட், 550 நானோமீட்டர்" என்று போட்டுவிட்டால், வைவாவில் உங்களை மடக்கக்கூடிய முதல் கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடும்.